வெள்ளிக்கிழமை உடைத்த பூட்டு

நெற்றியில் நெருப்பைக் கண்ணாகக் கொண்டவனே, சினமும் உன் திருமேனியில் ஓர் உறுப்பே என்றறிந்து உன்னை வணங்குகிறேன். இது சினத்தோடு எழுதப்படுவது. இதில் பொய் மட்டும் கலவாமல் காத்தருள்வாயாக.

இன்று ஐப்பசித் திங்கள், வளர்பிறைத் திரயோதசி, வெள்ளிக்கிழமை. பிரதோஷம் கூடிய நன்னாள். வெள்ளிக்கிழமையை நான் வேண்டுமென்றே தேர்ந்துகொண்டேன். அதன் காரணம் படிப்பவர்களுக்குப் போகப்போக விளங்கும்.

என் பூஜை அறையில் திருநீற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலமுள்ள பித்தளைப் பூட்டு. அதன் இரும்பு வளையம் ஒரு காலை இழந்து, கோணி, வெளியே பிதுங்கி நிற்கிறது. பித்தளையின் மேல் கடப்பாரை முனை பாய்ந்த தழும்பு ஒன்று உண்டு. பக்கத்தில் அதன் சாவி. சாவிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் தடவி வைக்கிறேன். "இத பழைய பித்தளைக்குப் போட்டுடலாமே மாமா, எதுக்கு சாமி பக்கத்துல வெச்சிகினு இருக்கீங்க?" என்று மருமகள் பலமுறை கேட்டிருக்கிறாள். நான் பதில் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

ஆரணியில் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நான் மேலாளராக இருந்தேன். சென்ற வாரம் அந்தச் சங்கத்து வாசலைக் கடந்தபோது அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் ஒட்டியிருப்பதைக் கண்டேன். ஒன்று, காவலாளி தேவை என்றது. 'முன்னாள் இராணுவத்தினருக்கு முன்னுரிமை' என்று அதன் கீழே தடித்த எழுத்தில் இருந்தது. மற்றொன்று, கிடங்குப் பொறுப்பாளர் தேவை என்றது. அதன் கீழே அப்படியொரு வரி இல்லை. வெயிலில் நின்றபடி இரண்டையும் மறுபடி மறுபடி படித்தேன். நான் சொல்லவரும் சம்பவம் நடந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னும் நம் கண்ணுக்கு அவர்கள் கையில் தடியும் டார்ச் விளக்கும் மட்டுமே தெரிகின்றன.

ஹவில்தார் என்றுதான் அவரை எல்லோரும் அழைத்தோம். எழுபத்தொன்றாம் ஆண்டு யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, படையிலிருந்து ஓய்வு பெற்று, கிடங்குப் பொறுப்பாளர் வேலை கேட்டு எங்கள் சங்கத்துக்கு வந்தார். கருத்த, ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். சட்டையின் கை மடிப்பு கத்தி முனைபோல இருந்தது. வடக்கே பனிமலைகளில் படைக்குரிய பண்டகசாலைகளில் பதினேழு ஆண்டுகள் பணி செய்தவர். மருந்து, கம்பளி, கூடாரத் துணி, எரிபொருள், எது எந்தக் குளிரில் கெடும், எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். சான்றிதழ்களை ஒரு ரெக்சின் உறையில் வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். நிர்வாகக் குழுவினர் அந்த உறையைத் திறக்கவில்லை.

திறந்திருந்த கதவு வழியே கிடங்கு தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "நூல் சிப்பத்த தரையில வெச்சிருக்கீங்க சார். அடியில கட்டை போட்டு, செவுத்துல இருந்து ஒரு முழம் தள்ளி வெக்கணும். பின்னால ஓடை ஓடுது. ஈரம் ஏறும்."

குழுவில் ஒருவர் சிரித்தார். "பட்டாளத்துல கம்பளி அடுக்கினவரு பட்டுக்கு வைத்தியம் சொல்றாரு பாருங்க!"

தலைவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. "எந்த ஊரு?"

"சந்தவாசல் பக்கம் சார்."

"ஊருக்குள்ளயா?"

"ஏரிக்கு அந்தாண்ட சார்."

ஏரிக்கு அந்தப்புறம் யார் குடியிருந்தார்கள் என்பது மேசையைச் சுற்றியிருந்த அனைவருக்கும் தெரியும். அதற்குமேல் ஒரு கேள்வியும் எழவில்லை. கிடங்கில் அம்பாள் படம் மாட்டியிருந்தது. அங்கிருந்து போகும் பட்டு கோயிலுக்கும் கல்யாண மணைக்கும் உரியது. ஆகவே அவர் உள்ளே நுழைவதற்கில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே முடித்துவிடும் கலையில் நாங்கள் தேர்ந்தவர்கள். பொறுப்பாளர் வேலை தலைவரின் மைத்துனருக்குப் போயிற்று. ஹவில்தாருக்குக் காவலாளி வேலை. "நாட்டுக்கே காவல் காத்தவரு, நம்ம கிடங்குக்குக் காக்க மாட்டாரா?" என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். யுத்த நாட்களில் தேரடியில் மேடை போட்டு, ஜவான்களின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று கண்ணீர் மல்கப் பேசியவரும் அவரே. நானும் அந்த மேடையில் கடவுள் வாழ்த்துப் பாடினேன். ஒரு ஜவான் எதிரே வந்து நின்றபோது, அவருக்கு நாங்கள் போட்ட உத்தரவு இது: வாசலில் இரு, படி தாண்டி உள்ளே போகாதே.

நிலமில்லாதவர், மனைவியும் இரண்டு பெண்களும் உடையவர். ஏற்றுக்கொண்டார். "பொறுப்பாளர் வேலை திரும்ப காலியானா என்னையும் நெனச்சிக்கங்க சார்" என்று என்னிடம் மட்டும் தனியே சொன்னார். அந்த வேலையின் மேல் அவருக்கிருந்த ஆசையை நான் ஒருவனே முழுதாக அறிந்திருந்தேன்.

காவலாளியாக அவர் செய்தவை எவரும் கேட்டுச் செய்தவை அல்ல. வாளிகளில் மணல் நிரப்பிச் சுவரோரம் தொங்கவிட்டார். நூல் வாங்க வரும் நெசவாளர்கள் காலையிலிருந்து முண்டியடித்து நிற்பதைப் பார்த்து, தகரத்தை வெட்டி எண் எழுதிய வில்லைகள் செய்து கொடுத்து, வந்த வரிசைப்படி உட்கார வைத்தார். கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்குத் தனி எண். கொசப்பாளையத்து நெசவுக்காரப் பெண் ஒருத்தி, வாயாடி, முதல் நாளே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஹவில்தாரே, எங்களயும் பட்டாளத்துல சேத்துட்டியா? லெப்ட் ரைட் போட்டுகினே வந்து நூல் வாங்கணுமா?"

"போட்டா இன்னும் ஜல்தியா போலாம்மா. வூட்ல தறி சும்மா குந்திகினு இருக்குதில்ல?"

அரை நாள் வீணாகும் வேலை ஒரு மணி நேரத்தில் முடியத் தொடங்கியது. உள்ளே மைத்துனர் இரண்டு சாயத்து நூலைக் கலந்து கொடுத்து, நெய்த புடவையில் கோடு விழுந்து, நெசவாளரைத் திட்டிக்கொண்டிருந்தார். வெளியே நின்றவருக்கு அது தெரிந்தது. என்ன செய்ய முடியும்? அவர் படிக்கு வெளியே நிற்பவர்.

இன்னொன்றும் செய்தார். கிடங்கின் பின்சுவரில், ஓடை பக்கம், கரியால் ஒரு கோடு கிழித்தார். ஓடை நீர் அந்தக் கோட்டைத் தொட்டால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் கிடங்குத் தரைக்கு வந்துவிடும் என்று கணித்து என்னிடம் சொன்னார். நான் தலையசைத்து மறந்தேன்.

எங்கள் சங்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமையன்று பட்டு கிடங்குப் படியைத் தாண்டி வெளியே போகாது. போனால் திருமகளும் கூடவே இறங்கிப் போய்விடுவாள் என்பது நம்பிக்கை. ஆகவே வெள்ளிக்கிழமை நண்பகலோடு கிடங்கைப் பூட்டி, கற்பூரம் காட்டி, சாவியை மேலாளரிடம் கொடுத்துவிடுவார்கள். சாவி என் இடுப்பில் இருக்கும். நான் வீட்டுக்குப் போய், குளித்து, திருநீறு பூசி, பதிகங்கள் ஓத உட்காருவேன். என் ஓதலுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. குலம் கேளாதே, அடியாரை வணங்கு என்று உருகும் பாடல்களை நான் பாடினால் கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். நானும் கலங்குவேன்.

அப்படி ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை. மூன்று நாள் அடைமழை. தலைவர் உறவினர் திருமணத்துக்கு வெளியூர் போயிருந்தார். மைத்துனர் சிப்பங்களைத் தரையில் விட்டபடியே கதவைப் பூட்டி வீடு போய்விட்டார். பிற்பகல் மூன்று மணியிருக்கும். நான் ஒரு பதிகத்தின் இரண்டாம் பாட்டில் இருந்தேன். தெருவிலிருந்து குரல் வந்தது.

"சார்! மேனேஜர் சார்!"

தொடர்ந்து ஓதினேன்.

"கோட்டத் தாண்டிடுச்சி சார்! ஏரித் தண்ணியும் ஓடையில சேந்துகினு வருது. சாவி குடுங்க சார், சிப்பத்த மாடிக்கு ஏத்திடலாம்!"

கிடங்குக்கு மேலே ஒரு மாடி அறை உண்டு. ஆனால் மாடிப்படி வெளியே இருந்தது. மேலே ஏற்ற வேண்டுமென்றால் பட்டு முதலில் வாசற்படியைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெள்ளிக்கிழமை. தலைவர் ஊரில் இல்லை. வழக்கத்தை உடைத்தவன் என்ற பெயர் என் தலையில் விழும். இவ்வளவும் ஒரு நொடியில் என் மனத்தில் ஓடியது; பாட்டு மட்டும் நிற்கவில்லை. தலையைத் திருப்பினேன். சன்னல் கம்பிகளுக்கு அப்பால், கொட்டும் மழையில், கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் நின்றார். எங்கள் கண்கள் சந்தித்தன. மூன்றாம் முறை "சார்" என்றார்.

நான் கண்களை மூடிக்கொண்டேன். குரலை உயர்த்திப் பாடினேன்.

பதிகத்தின் கடைசிப் பாட்டு முடியும்வரை அவர் நின்றதாக என் மனைவி பிறகு சொன்னாள். நான் அடுத்த பதிகத்தைத் தொடங்கியபோது போய்விட்டாராம்.

ஓதி முடித்தபின் மனம் ஒப்பாமல் குடையை எடுத்துக்கொண்டு நான் சங்கத்துக்குப் போனபோது வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். கிடங்குக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து மாடிவரை ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து இருபது நெசவாளர்கள் வரிசையாக நின்று, சிப்பங்களைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொசப்பாளையத்துப் பெண் நடுவில் நின்றாள்.

"வெள்ளிக்கெழம லட்சுமி வெளிய போவக்கூடாதாம்! தண்ணியில முழுகினா பரவால்லியாம்!"

"மாடியிலதான குந்தப்போறா, வுடு! ஊருக்கா போறா?" என்றார் மேற்படியில் நின்ற கிழவர். மழையின் நடுவே சிரிப்பலை எழுந்தது.

ஹவில்தார் படிக்கு வெளியே, தண்ணீரில், சாக்கின் மறைவில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிப்பத்தின் அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பூட்டை உடைத்துத் திறந்த கதவின் உள்ளே ஒரு காலடிகூட அவர் வைக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததை மறைக்க அதட்டினேன்.

"யாரைக் கேட்டுப் பூட்டை உடைச்சே?"

"உள்ள போகாதேன்னு உத்தரவு இருக்குது சார். பூட்ட ஒடைக்காதேன்னு உத்தரவு இல்ல." குரலில் கேலியில்லை. சட்டைப் பையிலிருந்து பூட்டை எடுத்து நீட்டினார். "சங்கத்துப் பொருள். நீங்க வெச்சிக்கங்க சார்."

இருட்டுவதற்குள் கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். தரையில் கிடந்த பட்டு அங்கேயே இருந்திருந்தால் தை மாதம்வரை நூற்றுக்கணக்கான தறிகள் நின்றிருக்கும். இரண்டே சிப்பங்கள் நனைந்தன. எண் பட்டியலில் ஒன்றும் குறையவில்லை.

அடுத்த வாரம் குழு கூடியது. ஹவில்தாரையே கிடங்குப் பொறுப்பாளராக்க வேண்டும் என்று நெசவாளர்கள் கைநாட்டும் கையெழுத்துமாக ஒரு மனு கொடுத்திருந்தார்கள். அவர் கஞ்சி போட்ட சட்டையோடு வந்து நின்றார். அன்று அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தகுதியைக் கண்ணெதிரே காட்டியாயிற்று, இனி மறுக்க மாட்டார்கள் என்று அந்த மனிதர் நம்பினார். பனிமலையில் பதினேழு ஆண்டுகள் இருந்தவருக்கு ஆரணியைத் தெரியவில்லை.

மனுவைத் தலைவர் தொடக்கூட இல்லை. பூட்டை உடைத்தது குற்றம். வெள்ளிக்கிழமை பட்டை வெளியே எடுத்தது அபசாரம். "யாரைக் கேட்டு செஞ்சான்? மேனேஜர் ஊர்லதானே இருந்தாரு? போய்க் கேட்டானா?"

அறை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. 'கேட்டார், மூன்று முறை கேட்டார்' என்று நான் சொல்லியிருந்தால் அவருடைய குற்றம் அந்தக் கணமே என் குற்றமாகியிருக்கும். மேசைமேல் கிடந்த மனுவின் மூலையை விரலால் மடித்துக்கொண்டிருந்தேன்.

ஹவில்தார் என்னைப் பார்த்தார். சன்னலில் பார்த்த அதே பார்வை.

"போனேன் சார். மேனேஜர் சார் பூஜையில இருந்தாரு. நான் கூப்ட்டது அவரு காதுல வுழுந்திருக்காது."

அவருக்குத் தெரியும், எனக்குக் கேட்டது என்று. தெரிந்தும் அதைச் சொன்னார். பிள்ளைகுட்டிக்காரன், இவன் வேலையாவது இருக்கட்டும் என்று நினைத்தாரோ, மேலதிகாரியைச் சபையில் விட்டுக்கொடுக்காத பழக்கமோ, அறியேன். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் அவரை மறந்திருப்பேன். அந்தக் கருணையின்மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் இருக்கிறது.

"அனுமதியின்றிப் பூட்டை உடைத்த குற்றத்துக்காகக் காவலாளி பணியிலிருந்து நீக்கப்படுகிறார்." தீர்மானப் புத்தகத்தில் இதை எழுதியது என் கை. பதிகங்களை ஏட்டில் பார்த்து எழுதி எழுதி அழகாக்கிய என் கையெழுத்து. மைத்துனரைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஹவில்தார் தடியையும் டார்ச் விளக்கையும் என் மேசைமேல் வைத்தார். விளக்கைத் துடைத்து வைத்தார். போய்விட்டார்.

எண்பதுகளில் ஒரு நாள் வாலாஜாவுக்கு அப்பால் ஒரு தோல் தொழிற்சாலைக்குச் சங்க வேலையாகப் போக நேர்ந்தது. அதன் பண்டகசாலையில் அவர் இருந்தார். பொறுப்பாளராக. ரெக்சின் உறையைத் திறந்து பார்க்கும் முதலாளி ஒருவர் அங்கே அவருக்குக் கிடைத்திருந்தார். எல்லாம் கட்டைகளின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. அமிலம் தனி அறையில். வாளிகளில் மணல். பையன்களும் பெரியவர்களும் அவரை 'ஸ்டோர் சார்' என்று அழைத்தார்கள். எதைக் கேட்டாலும் எழுந்து தேடாமல் இருந்த இடத்திலிருந்தே கை காட்டினார். அவர் வந்தபின் ஒரு தீ விபத்துகூட இல்லை என்று முதலாளி என்னிடம் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் சங்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய மனிதர் அவர். எங்கள் கிடங்கிலோ அப்போது எலி, பூஞ்சை, மைத்துனருக்குப் பின் அவர் மகன்.

ஹவில்தார் எனக்குத் தேநீர் வரவழைத்தார். "கிடங்குக்குப் புதுப் பூட்டு போட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"போட்டோம்."

"கட்டை?"

நான் கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தேன். தேநீர் ஆறிப்போயிற்று. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன்.

வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களே, உங்களிடம் கேட்கிறேன். கொடி நாளில் சட்டையில் சின்னம் குத்திக்கொள்கிறீர்கள். எல்லையில் ஒருவன் விழுந்தால் சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். உயிரோடு, நாற்பது வயதில், இருபது வயதுக்காரனின் உடலோடும் எவரும் விலை கொடுத்து வாங்க முடியாத அனுபவத்தோடும் அவன் உங்கள் வாசலுக்கு வந்தால் எதைப் பார்க்கிறீர்கள்? சரக்கு அடுக்கத் தெரிந்தவன், வண்டி பழுது பார்த்தவன், காயத்துக்குக் கட்டுப் போட்டவன், நூறு பேருக்குச் சோறு ஆக்கியவன், கம்பியில்லாத் தந்தி இயக்கியவன், எல்லோரும் உங்கள் கண்ணுக்கு ஒரே காவலாளியாகத் தெரிவது எப்படி? சிலரிடம் 'எந்த ஊர்' என்று கேட்டு அதையும் குறைத்துவிடுகிறீர்கள். இரக்கப்பட்டு வேலை கொடுக்கச் சொல்லவில்லை. எங்கள் பட்டைக் காத்தது இரக்கம் அன்று. ஆபத்து வருமுன் சுவரில் கோடு கிழித்து வைக்கும் பயிற்சி. கட்டளைக்குக் காத்து நிற்பதற்கும் கட்டளை வராதபோது பொறுப்பை ஏற்பதற்கும் நடுவேயுள்ள எல்லையை அறிந்த அறிவு. செய்ததைச் 'செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்திடும் நேர்மை. அந்த அறையில் இருந்த எங்களில் ஒருவனுக்கும் அது இல்லை. ஆயிரம் பதிகம் அறிந்த எனக்கும் இல்லை.

இவ்வளவு எழுதியபின் பூட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். கனமாக இருக்கிறது. எனக்கு எண்பத்து நான்கு வயது. வெள்ளிக்கிழமையில் எந்தப் பொருளும் என் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. இன்று தாண்டப்போகிறது. பூட்டையும் சாவியையும் இந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு முதலில் சங்கத்துக்குப் போகிறேன். அந்தத் தீர்மானத்தின் பக்கத்தில் உண்மையை என் கையாலேயே எழுத அனுமதி கேட்கப்போகிறேன். மறுத்தால் அறிவிப்புப் பலகையில், அந்த இரண்டு தாள்களுக்கு நடுவே, இதை ஒட்டுவேன். பின்பு சந்தவாசல் பேருந்து. ஏரிக்கு அந்தப்புறம் போய் விசாரிப்பேன். அவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் அவருடைய பெண்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: ஹவில்தார் ஐயா, நீங்கள் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. மூன்று முறையும் விழுந்தது.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், ஈரம் ஏறாத இல்லமும், உரத்த பிரார்த்தனையின் நடுவிலும் வாசலில் நிற்பவரின் குரல் கேட்கும் செவியும், கேட்ட அந்தக் கணமே சாவியை எடுத்து நீட்டும் கையும் இறைவன் அருளால் வாய்ப்பதாக.